இரண்டு வாளியையும் பார்த்தவர்

குப்பை வண்டி எங்கள் தெருவுக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் நுழையும். எங்கள் குடியிருப்பின் வாசலில் அந்தப் பாட்டை நாங்கள் முழுதாகக் கேட்டதே கிடையாது. வண்டி நிற்கும் முன்பே வாளிகள் வரிசையாகக் காத்திருக்கும். தூய்மைப் பணியாளர் செல்வி அவற்றைக் கொட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார். சென்ற வாரத்துக்கு முந்தைய வாரத் திங்கட்கிழமை அந்தப் பாட்டு முடிந்து, மறுபடி ஆரம்பித்து, மறுபடியும் முடிந்தது. எரிச்சலோடு பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். கீழே வாளிகளும் இல்லை, அவற்றின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சூசைராஜ் சாரும் இல்லை. முந்தின நாள் தென்னூரில் தம்பி பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு மனைவியோடு போனவர் அங்கேயே தங்கிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அவருடைய மனைவி ரெஜினா அக்கா.

"வைதேகி, அவர் போயிட்டாரும்மா. தூக்கத்திலேயே."

  அடுத்த மூச்சிலேயே, "வண்டி வந்துடுச்சா?" என்று கேட்டார். "மூணாம் மாடியில ஊறுகாய் பாட்டில் உடைஞ்சுதாம். பேப்பர்ல சுத்தி மோட்டார் ரூம்ல தனியா வச்சிருக்காராம். செல்வி கையில குத்திடப் போகுது, வைதேகிகிட்ட சொல்லி எடுத்துக் குடுக்கச் சொல்லுன்னு நேத்தே சொன்னார். நான்தான் மறந்துட்டேன்."

இறங்கிப் போனேன். மோட்டார் அறையின் மூலையில் பொட்டலம் இருந்தது. அதன்மேல் சிவப்பு மையில், "கண்ணாடி. கை ஜாக்கிரதை" என்று அவருடைய எழுத்து. செல்வியிடம் அதைக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் போய் வண்டியின் பாட்டை நிறுத்தினார்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறிய தெருவில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. பெரும்பாலும் கோயிலோடு ஒட்டிய குடும்பங்கள். அதன் சங்கச் செயலாளர் பதவி என் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. கோபக்காரிக்குத்தான் இந்த வேலை சரிப்படும் என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்களாம். இந்தக் குடியிருப்பின் தரைத்தளத்து வீட்டுக்கு சூசைராஜ் சாரும் ரெஜினா அக்காவும் குடிவந்தது பெருந்தொற்று ஓய்ந்த பிறகு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அதற்கு முன் அவர் தென்னூரில் காபிப்பொடிக் கடை வைத்திருந்தார். கொட்டை வறுபடும்போது நிறத்தைப் பார்க்க மாட்டாராம். முதுகைத் திருப்பிக்கொண்டு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே இருப்பாராம். சட்டென்று பேச்சை நிறுத்தி, "இறக்குப்பா" என்பாராம். அவர் மூக்குச் சொல்வதுதான் அந்தக் கடையில் கடிகாரம். அந்த மூக்கைத்தான் பெருந்தொற்றுக் காய்ச்சல் எடுத்துக்கொண்டது. எல்லாருக்கும் சில வாரங்களில் திரும்பி வந்த வாசனை அவருக்கு வரவே இல்லை. கடையைத் தம்பியிடம் ஒப்படைத்தார். கடைக்கு மேலேதான் வீடு. காலையில் கீழிருந்து புகை மட்டும் ஏறி வரும், மணம் வராது. அதைப் பார்த்துக்கொண்டு அங்கே இருக்க முடியவில்லை என்றுதான் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்.

அவர் வந்த சமயத்தில் குடியிருப்பில் குப்பைப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரித்துக் கொடுத்தால்தான் வண்டி எடுக்கும் என்று மாநகராட்சியிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மட்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மட்காததற்கு நீல வாளி. கேட்க எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் பச்சை வாளியில் பால் கவர் கிடக்கும், நீல வாளியில் சாம்பார் வழியும். யாருடையது என்று கேட்டால் யாருடையதும் இல்லை. வண்டி எடுக்காமல் போன குப்பை வாசலிலேயே நாறியது. கூட்டம் போட்டுக் கத்தினேன். என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அப்போது பின் வரிசையில் புதிதாக வந்தவர் எழுந்து நின்றார்.

"நான் பார்த்துக்கறேங்க. எனக்கு மூக்கு வேலை செய்யாது. இந்த வேலைக்கு இதைவிட வேற என்ன தகுதி வேணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் காலையிலேயே ஒவ்வொரு வாளியிலும் வீட்டு எண்ணை எழுதிவிட்டார். கையில் ரப்பர் உறை, காலில் பழைய பூட்ஸ், காபிக் கடையிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் கரண்டி. மோட்டார் அறைக்குப் பின்னால் சிமெண்ட் வளையங்களை அடுக்கி உரத்தொட்டி கட்டினார். ஒவ்வொரு வாளியையும் கவிழ்த்துப் பார்த்து, தவறாக வந்ததை எடுத்து மாற்றிப் போடுவார். யாரையும் திட்டியதில்லை. பால் கவரைக் கழுவாமல் போட்டவர் வாளி அன்று மாலை கழுவித் துடைத்துப் பளபளவென்று வாசலில் திரும்பி வந்து நிற்கும். அதைப் பார்த்தாலே போதும், அடுத்த நாள் கவர் கழுவி வரும். நான் கத்தி நடக்காதது இப்படி நடந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரே சிக்கல், உரத்தொட்டி கெட்டுப்போனால் அவருக்குத் தெரியாது. முதல் மாதம் நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்க, அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் அந்தப் பொறுப்பு ரெஜினா அக்காவுக்குப் போனது. தினமும் காலையில் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கேட்பார்: "ரெஜினா, வாசனை எப்படி?"

"புளிச்சிருக்கு. சருகு போடுங்க," என்று பதில் வரும். அல்லது, "மண்ணு வாசனைதான், மூடுங்க" என்று வரும். மூடிவிட்டு உள்ளே போவார். எங்கள் குடியிருப்பில் பொழுது விடிவது கோயில் மணியால் அல்ல, இந்தக் கேள்வியால்தான் என்று என் அப்பா கேலி செய்வார்.

பெருமாள் பூவில் ஒரு பிரச்சினை வந்தது. சாத்திக் களைந்த துளசியையும் மாலையையும் எச்சில் இலையோடு ஒரே வாளியில் போட எங்கள் வீடுகளில் யாருக்கும் கை வராது. பழக்கப்படி பிளாஸ்டிக் பையில் கட்டிக் காவிரியில் விட்டுவிடுவோம். பெருமாளுக்குச் செய்யும் மரியாதை என்று ஆற்றுக்குச் செய்த அநியாயம் அது. சூசைராஜ் சார் இதைக் கேட்டுவிட்டு, தானாகவே ஒரு தகர டப்பாவுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து மாடிப்படி அடியில் வைத்தார். பூவுக்கு மட்டும். அதில் சேர்ந்ததைத் தனியாக மட்கவைத்து, எங்கள் வீட்டுத் துளசிச் செடிகளுக்கே திருப்பிக் கொடுத்தார். உங்களுக்கு எப்படி இது தோன்றியது என்று கேட்டேன்.

"எங்க வீட்டிலயும் குருத்தோலை ஞாயித்துல கோயில்ல வாங்கின ஓலையைக் குப்பையில போட மாட்டோங்க. வருஷம் பூரா சுவத்துல மாட்டி வச்சிருந்து கோயில்ல குடுத்துருவோம். அதை எரிச்சுத்தான் தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன்கிழமைக்கு நெத்தியில பூசறாங்க. சாமி பொருளுக்கு ஒரு போக்கிடம் வேணும்ல?"

பிறகு ஒரு மாசி மாதம் காக்கை ஒன்று கோழி எலும்பைக் கொண்டுவந்து மொட்டைமாடியில் மூன்றாம் மாடி மாமி காயவைத்திருந்த வடாம் மேல் போட்டது. மாமி போட்ட கூச்சலில் தெருவே கூடியது. உரத்தொட்டியைப் போய்ப் பார்த்தால் மேலாக இன்னும் இரண்டு எலும்புகள். எல்லார் கண்களும் தரைத்தளத்து வீட்டின் பக்கம் திரும்பின. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சூசைராஜ் சார் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே நடக்காம பார்த்துக்கறேங்க" என்று மட்டும் சொன்னார். விஷயம் முடிந்தது என்று கலைந்தோம்.

இரண்டொரு நாள் கழித்து மாடிப்படியில் ரெஜினா அக்காவைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. என்ன என்று கேட்டேன். "தவக்காலம்மா. ஒருசந்தி விரதம் இருக்கோம். எங்க வீட்டில கறி எடுத்தே எத்தனையோ நாளாச்சு" என்றார்.  நேராக மோட்டார் அறைக்குப் போய், "அப்படியானால் அது யார் வீட்டு எலும்பு?" என்று சூசைராஜ் சாரிடம் கேட்டேன். வாளியில் எண் எழுதி வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அவர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "குப்பைக்கு வாய் கிடையாதுங்க. அதை நம்பித்தானே எல்லாரும் எங்கிட்ட குடுக்கறீங்க."

அடுத்த கூட்டத்தில் நான் ஒன்று மட்டும் அறிவித்தேன். சூசைராஜ் சார் வீட்டில் விரதம், எலும்பு அங்கிருந்து வரவில்லை என்று. அன்று எல்லாரும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது யார் வீடு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசை இன்னும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரோ யார் வீட்டில் காலி மது பாட்டில், யார் வீட்டில் கிழித்துப் போட்ட கல்யாணப் பத்திரிகை, யார் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை பரோட்டா சால்னா என்று எல்லாம் பார்த்தவர். ஒன்றையும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் அப்பாவுக்கு இதயம் பலவீனம். கால் வீங்கும், நடந்தால் மூச்சு வாங்கும். உடம்பில் சேரும் நீர் வடிய டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். காலையில் தோசைத் தட்டோடு மாத்திரையையும் அப்பா கையில் கொடுத்துவிட்டு நான் அலுவலகம் போவேன். மாத்திரை அட்டை ஒழுங்காகக் காலியாகிக்கொண்டிருந்தது. வீக்கம் மட்டும் வடியவில்லை. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அதற்கும் மசியவில்லை. அடுத்த முறை, "மருந்துக்கு இதயம் கேக்கலைன்னுதான் அர்த்தம்மா. அட்மிட் பண்ணிப் பார்த்துடுவோம்" என்றார். அப்பா இரவில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்க ஆரம்பித்திருந்தார். அம்மாவை இழந்த வீடு அது. அப்பாவும் போய்விடுவாரோ என்று பயந்தேன். ஆபீஸில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் திருப்பலி முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு சூசைராஜ் சார் எங்கள் வீட்டு மணியை அடித்தார்.

"காபி கிடைக்குங்களா?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வாசனை போன நாளிலிருந்து அவர் காபியைத் தொட்டதில்லை. குடித்தால் வெந்நீர் மாதிரி இருக்கிறது, அழுகை வருகிறது என்று ரெஜினா அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா மட்டும் தினமும் தனக்காக டிகாக்ஷன் போடுவார். அந்தக் காபிச் சக்கை உரத்துக்கு நல்லது என்று இவர் பத்திரமாக வாங்கிக்கொள்வார். அப்படிப்பட்டவர் வந்து காபி கேட்கிறார். "வாங்கோ, வாங்கோ, உட்காருங்கோ" என்று பால்கனியில் உட்கார்ந்திருந்த அப்பா வரவேற்றார். நான் உள்ளே போய் ஃபில்டரில் புதிதாகப் பொடி போட்டு, டிகாக்ஷன் இறங்கும்வரை நின்றேன். திரும்பி வந்தபோது அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சூசைராஜ் சார் டம்ளரை வாங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தார். "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "வைதேகி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நான் அந்த மாத்திரையைச் சாப்பிடறதே இல்லை."

தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் கறிவேப்பிலைக்கு அடியில் தினமும் மாத்திரையைத் தள்ளிவிடுவாராம். அது மிச்சத்தோடு மிச்சமாகப் பச்சை வாளிக்குப் போய்விடும். காரணத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அதைப் போட்டுக்கொண்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டும். ஒருநாள் பெருமாள் சேவைக்கு வரிசையில் நிற்கும்போது பிரகாரத்திலேயே வேட்டி நனைந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை, ஆனால் பெருமாள் பார்த்துவிட்டார் என்று அப்பாவுக்கு வெட்கம். பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று அதைவிட வெட்கம்.

நான் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் ஒரு கணம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கூட்டிக் கூட்டி எழுதிய அளவை ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையால் மொத்தமாகக் கொடுத்திருந்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தாகியிருக்கும் என்றார். மருந்தின் அளவைக் குறைத்து, கோயிலுக்குப் போய் வந்த பிறகு போட்டுக்கொள்ளும்படி நேரத்தை மாற்றிக் கொடுத்தார். படிப்படியாக வீக்கம் வடிந்தது. இன்று அப்பா மாடிப்படி இறங்கித் தெருமுனை வரை தானே நடந்து போகிறார்.

அன்று பால்கனியில் என்ன பேசினார்கள் என்பதை அப்பா பின்னால் சொன்னார். சூசைராஜ் சார் மாத்திரையைப் பற்றி முதலில் பேசவே இல்லையாம். தன் மூக்கைப் பற்றித்தான் பேசினாராம். வாசனை போனதை யாரிடமும் சொல்லாமல் கொஞ்ச காலம் கடையில் மறைத்தாராம். நிறத்தைப் பார்த்து வறுத்து, ஒருநாள் மொத்தக் கொட்டையையும் கருக்கிவிட்டாராம். "மறைக்கறதுல ரொம்பக் களைப்பு சார். சொன்ன அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்" என்றாராம். அதன் பிறகுதான், "உங்க நீல வாளியில காலி அட்டை வருது, பச்சை வாளியில மாத்திரை வருது. ரெண்டையும் பார்க்கிற ஆள் நான் ஒருத்தன்தான். நீங்களே உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க" என்றாராம்.

என்னிடம் நேராக ஏன் சொல்லவில்லை என்று நான் அவரிடம் சண்டை பிடித்தேன். நன்றி சொல்லத்தான் போனேன். எனக்கு நன்றியும் சண்டை மாதிரித்தான் வரும்.

"குப்பை அவரோடது. அவர்தான் சொல்லணும். நான் காபி குடிக்கத்தாங்க வந்தேன்" என்றார்.

அடக்கத் திருப்பலிக்கு அப்பாவும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார். தென்னூரில் மாதா கோயிலின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசி பெஞ்சில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். செல்வி வேலை முடிந்த சீருடையோடு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். மூன்றாம் மாடி மாமி, தன் துளசிச் செடியிலிருந்து பறித்துக் கட்டிய மாலையைப் பெட்டிமேல் வைத்தார். வீடு திரும்பிக் குளித்துவிட்டு வந்த அப்பா, நான் கேட்காமலே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து காட்டினார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் அப்பா அப்படிச் செய்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

ரெஜினா அக்காவைத் தென்னூரிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை, சில நாளில் இங்கேயே வந்துவிட்டார். வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தோம். "வச்சிட்டுப் போங்கம்மா, சாப்பிடறேன்" என்பார். பாத்திரங்கள் கழுவித் திரும்பி வந்தன. நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

வாளிகள் என் பொறுப்புக்கு வந்துவிட்டன. கூட்டத்தில் யாராவது எழுந்து நிற்பார்கள் என்று பார்த்தேன். எழுந்து நின்றது நான்தான். எனக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்கிறது. துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே அவருடைய பித்தளைக் கரண்டியைப் பிடித்தேன். முந்தாநாள் காலை தரைத்தளத்து வீட்டின் பச்சை வாளியைக் கவிழ்த்தபோது கை நின்றுவிட்டது. நான் கொடுத்த புளியோதரை கொடுத்தபடியே கிடந்தது. மாமி கொடுத்த இட்லியில் ஒரு விள்ளல்கூடக் குறையவில்லை. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான் ஏதோ கிடந்தது, நான்தான் சரியாகக் கவனிக்கவில்லை. பிறகு இன்னொன்றும் தோன்றியது. அந்த வாளியில் தினமும் வரும் காபிச் சக்கை, அக்கா திரும்பி வந்ததிலிருந்து ஒருநாள்கூட வரவில்லை.

மேலே ஓடிப்போய் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து, சாப்பிடாமல் இருந்தால் எப்படி என்று அக்காவைச் சத்தம் போட வேண்டும் போலிருந்தது. என் சுபாவம் அது. கரண்டியைக் கீழே வைத்தேன். குளித்தேன். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு மணியை அடித்தேன்.

"அக்கா, எனக்கு ஒரு காபி தருவீங்களா?"

அக்கா என்னையே பார்த்தார். இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கண் நிறைந்தது. "உனக்குன்னா போடறேன்" என்று உள்ளே போனார். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது, ஸ்பூன் சத்தம் கேட்டது. இரண்டு டம்ளர்களோடு வந்தார். நான் புளியோதரையைப் பற்றியோ இட்லியைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. பாதி காபி குடித்ததும் அவரே சொன்னார்: "இறங்க மாட்டேங்குது வைதேகி. தட்டுல போட்டா, ஒத்தத் தட்டா இருக்கு." இனிமேல் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவோடு சாப்பிடுங்கள் என்றேன். அப்பா மாத்திரை போடுகிறாரா என்று பார்த்துக்கொள்ள எனக்கும் ஓர் ஆள் வேண்டும் என்றேன். அக்கா லேசாகச் சிரித்தார். அன்று மத்தியானம் வந்து, கொஞ்சம் ரசம் சாதம் சாப்பிட்டார்.

நேற்றுக் காலை தரைத்தளத்துப் பச்சை வாளியில் காபிச் சக்கை இருந்தது, இன்னும் ஈரம் காயாமல். அதைக் கரண்டியில் எடுத்து உரத்தொட்டியில் போட்டுக் கிளறினேன். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது சமையலறை ஜன்னல் திறந்தது. அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே, "மண்ணு வாசனைதான், மூடு" என்றார்.

மூடுவதற்கு முன் முகத்தில் கட்டியிருந்த துண்டை இறக்கிவிட்டு ஒருமுறை நன்றாக இழுத்து முகர்ந்தேன். மண்ணும், பக்கத்தில் தனியாக மட்கும் துளசியும், காபியும் கலந்து வந்தது. சூசைராஜ் சார், வாசனை நன்றாக இருக்கிறது. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.